கான்ஃபரன்ஸ் தாவல்: பெரிய வீட்டுத் திண்ணையா, பழைய வீட்டுக் கூடமா?

ஓரிகன் மாநிலத்தில் கொர்வாலிஸ் ஒரு சின்னக் கல்லூரி ஊர். அங்குள்ள ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ரீசர் கால்பந்து அரங்கத்தின் மேற்குப் பக்கத்தை வெடி வைத்துத் தகர்த்து, சுமார் 16 கோடி டாலர் செலவில் புதிதாக எழுப்பியது. 2023 செப்டம்பரில் அரங்கம் திறந்தது. எந்த அணிகள் வந்து ஆடும் என்ற நம்பிக்கையில் அதைக் கட்டினார்களோ, அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அதற்குள் வேறு வீடு பார்த்துவிட்டன. 1915-ல் போர்ட்லண்டில் ஒரு ஹோட்டலில் தொடங்கிய பேக்-12 என்ற பல்கலைக்கழகக் கூட்டணி, பன்னிரண்டில் பத்துப் பேர் கிளம்ப, இரண்டு பேரோடு நின்றது. மிஞ்சிய இன்னொருவர், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் புல்மன் ஊரில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்.

புல்மன் எனக்குத் தெரிந்த ஊர். படிப்புக்காகச் சில வருஷம் அங்கே இருந்தேன். சுற்றிலும் அலை அலையாகக் கோதுமை மேடுகள். பருப்பும் கொண்டைக்கடலையும் விளையும் மண். ஆகஸ்டில் பருப்புக்கென்றே ஒரு திருவிழா நடக்கும். ஊரில் முப்பதாயிரம் சொச்சம் பேர், அரங்கத்தில் கிட்டத்தட்ட 33 ஆயிரம் இருக்கைகள். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் சியாட்டில் பக்கத்திலிருந்து 450 கிலோமீட்டர் கார் ஓட்டி வருவார்கள். மளிகைக் கடை, மோட்டல், பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் அந்த ஆறேழு சனிக்கிழமைதான் தீபாவளி. அதனால் இந்த விஷயத்தை வெறும் கணக்காக என்னால் பார்க்க முடிவதில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பேசுவது முட்டை வடிவப் பந்தும் ஹெல்மெட்டுமாக ஆடும் அமெரிக்கக் கால்பந்து. பல்கலைக்கழக அணிகள் கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸாகச் சேர்ந்திருக்கும். தங்களுக்குள் ஆடும், டிவி உரிமையை மொத்தமாக விற்கும், வந்ததைப் பங்கு போட்டுக்கொள்ளும். 1984 வரை எல்லாருக்குமாகச் சேர்த்து டிவி உரிமையை விற்றது என்சிஏஏ என்ற தலைமை அமைப்பு. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாளிலிருந்து, யாரோடு சேர்ந்தால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு ஆரம்பித்தது. தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்த சுற்று எப்போது வரும் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. பிக் டென் கான்ஃபரன்ஸின் டிவி ஒப்பந்தம் 2029-30-ல் முடிகிறது. பிக் 12-க்கு 2030-31. புதிதாகக் கட்டிய பேக்-12-க்கும் அதே 2030-31. கிழக்குக் கரையின் ஏசிசி கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறும் அபராதம் 2025-26-ல் 16.5 கோடி டாலர், வருஷத்துக்கு 1.8 கோடி குறைந்து 2030-31-ல் 7.5 கோடியில் நிற்கும். எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கப் போகிறது. ஒரு நடுத்தர மாநிலப் பல்கலைக்கழகம் அப்போது எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பேக்-12 உடைந்தபோது ஒவ்வொருவரும் எடுத்த வழி நம் கண்முன் இருக்கிறது. அதை வைத்தே ஒப்பிடலாம்.

உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜூன் 30-ல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை போன பிறகு மீதிப் பேருக்கு நல்ல டிவி ஒப்பந்தம் அமையவில்லை. ஒரு வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் கைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் சந்தா அடிப்படையிலான ஒப்பந்தம். சந்தாதாரர் கூடினால்தான் பணம் கூடும். 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பிக் 12-க்குப் போனது. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஓரிகன் பல்கலைக்கழகமும் (ஓரிகன் ஸ்டேட் வேறு) சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கும் நகர்ந்தன. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசிக்கு. பழி முழுவதையும் போனவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. 2012-ல் சொந்தமாகத் தொடங்கிய டிவி நெட்வொர்க்கைக் கான்ஃபரன்ஸ் தலைமை கடைசிவரை டைரக்ட்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் சேர்க்க முடியாமல் வைத்திருந்தது. பாதி நாட்டுக்கு ஆட்டமே தெரியாத நிலையில் அடித்தளம் முன்பே அரித்திருந்தது.

பாதிப் பங்குக்குப் பெரிய வீடு

ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் நுழைந்தது முழுப் பங்குக்கு இல்லை. பழைய உறுப்பினர்கள் வருஷத்துக்கு 6 கோடி டாலருக்கு மேல் எதிர்பார்க்கும் இடத்தில், இவர்களுக்கு முதல் வருஷம் சுமார் 3 கோடி, பிறகு வருஷத்துக்கு 10 லட்சம் கூடும். இந்த ஒப்பந்தம் முடியும்வரை அப்படித்தான். பெரிய வீட்டில் திண்ணையில் படுக்க இடம் கிடைத்த மாதிரி.

திண்ணையிலிருந்தே ஓரிகன் கூடத்தைப் பிடித்தது. 2024-ல், நுழைந்த முதல் வருஷமே, 13 வெற்றி, தோல்வியே இல்லை (13-0) என்று பிக் டென் பட்டம் வென்றது. ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டிடம்தான் விழுந்தது. அதே திண்ணையில் படுத்த வாஷிங்டன் முந்தைய பருவத்தில் தேசிய இறுதியாட்டம் வரை போன அணி. பயிற்சியாளர் அலபாமாவுக்குப் போய்விட, 2024-ல் 6-7. டிவி பங்கு இருவருக்கும் ஒன்றுதான். ஓரிகனுக்குப் பின்னால் நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் கொடை நிற்கிறது. டாலஸின் எஸ்எம்யூ இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பது வருஷம் டிவி பணமே வேண்டாம் என்று ஏசிசியில் சேர்ந்தது; கொடையாளர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் கொடுத்தார்கள். முதல் வருஷமே தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் இருந்தார்கள்.

ஆக, இந்த வழி நல்ல வழிதான், வீட்டில் ஒரு பணக்கார மாமா இருந்தால். இல்லாத பள்ளி (அமெரிக்கப் பேச்சில் பல்கலைக்கழகமும் பள்ளிதான்) இதை எடுத்தால், முழுப் பங்கு வாங்கும் எதிரிகளோடு பாதி வயிற்றில் பல வருஷம் மோத வேண்டும்.

கண்டம் தாண்டிய சம்பந்தம்

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் எடுத்த முடிவுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பெயரிலேயே அட்லாண்டிக் கரை உள்ள கான்ஃபரன்ஸில் பசிபிக் கரைப் பள்ளிகள். ஏழு வருஷம் டிவி பங்கில் 30 சதவீதம், எட்டாவது வருஷம் 70, ஒன்பதாவது 75, பத்தாவது வருஷம்தான் முழுசு. பெர்க்லிக்கு ஏற்கெனவே அரங்கத்தைப் புதுப்பித்த கடன் கழுத்தை நெரிக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நிர்வாகக் குழு தலையிட்டு, பிக் டென்னுக்குப் போன யூசிஎல்ஏ தன் அக்கா வளாகமான பெர்க்லிக்கு வருஷம் 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது.

பணத்தை விடுங்கள். கால்பந்து அணிக்கு வருஷத்தில் பன்னிரண்டு ஆட்டம். தொலைதூரம் போவது நாலைந்து முறை. தனி விமானம், சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலை வீடு. வாலிபால் அணிக்கு வாரத்துக்கு இரண்டு ஆட்டம். அதில் ஆடும் ஒரு பெண்ணின் வாரத்தை நினைத்துப் பாருங்கள். புதன் மாலை சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் ஏறினால் ஐந்தரை மணி நேரம் கழித்து பாஸ்டன். கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. காலை எட்டு மணிப் பயிற்சி அவள் உடம்புக்கு விடிகாலை ஐந்து. வெள்ளி ஓர் ஊர், ஞாயிறு இன்னோர் ஊர், ஞாயிறு இரவு திரும்பும் விமானத்தில் மடியில் லேப்டாப், திங்கள் காலை வேதியியல் ஆய்வகம். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ மறுபடியும். அவள் ஆட்டத்துக்காக எந்த டிவி நிறுவனமும் கோடி கொடுக்கவில்லை. கால்பந்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் விலையை அவள் தூக்கத்தால் கட்டுகிறாள். ஸ்டான்ஃபோர்டு ஒலிம்பிக் பதக்கங்களுக்குப் பேர்போன இடம் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது.

யூசிஎல்ஏவின் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியே 2023 டிசம்பரில் இதைச் சொன்னார்: கால்பந்தை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு பெரிய அமைப்பாக்கிவிட்டு, மற்ற விளையாட்டுகளை அக்கம்பக்கத்து ஊர்களோடு ஆட விடலாம் என்று. அவர் யோசனையைக் கேட்க ஆளில்லை. அடுத்த சுற்றில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

கதவு உள்ளேயிருந்து திறக்க வேண்டும்

பிக் 12-க்குப் போன நால்வருக்கு அமைந்ததுதான் இருந்ததிலேயே நல்ல ஏற்பாடு. டிவி நிறுவனங்களோடு பிக் 12 பேசி முடித்த பங்கு வருஷத்துக்குப் பள்ளிக்கு சராசரி 3.17 கோடி டாலர். வந்தவர்களுக்கும் தள்ளுபடி இல்லாமல் கிடைத்தது. கொலராடோவுக்கு அது 2011-ல் விட்டுப்போன பழைய வீடு. யூட்டாவுக்குப் பக்கத்து ஊர்ப் பகையாளி பிஒய்யூ ஒரே கூட்டணியில் வந்துவிட்டது. பருவம் தொடங்குமுன் எடுத்த வாக்கெடுப்பில் பதினாறில் பதினாறாவது என்று ஒதுக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் 2024-ல் பட்டமே வென்றது. மேற்கு வர்ஜீனியா, ஒர்லாண்டோ என்று தூரப் பயணமும் உண்டு. ஆனால் மேற்கில் நாலு பேர் கூடவே இருப்பதால் தாங்கும்.

வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் ஓரிகன் ஸ்டேட்டுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. மைதானத்தில் தோற்றதால் இல்லை. ஈஎஸ்பிஎன்னின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் 2003 முதல் பின்னணியில் வாஷிங்டன் ஸ்டேட்டின் கருஞ்சிவப்புக் கொடி பறக்கிறது. முன்னாள் மாணவர்கள் முறை வைத்து எடுத்துப் போகிறார்கள். அவ்வளவு பற்று உள்ள இடம். டிவிக்காரர்கள் எண்ணியது புல்மனிலும் கொர்வாலிஸிலும் எத்தனை வீடு என்பதை.

தங்கிக் கட்டுவது

மிஞ்சிய இருவருக்கும் எல்லாரும் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: மவுண்டன் வெஸ்ட் என்ற சின்னக் கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிடுங்கள். அங்கே டிவி பங்கு பள்ளிக்குச் சுமார் 40 லட்சம் டாலர். இவர்களோ மூன்று கோடிக்குக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். அவர்கள் சேரவில்லை. வழக்குப் போட்டார்கள்.

வழக்கு நடந்தது புல்மனுக்குப் பக்கத்து ஊரான கோல்ஃபேக்ஸில், விட்மன் கவுன்டி நீதிமன்றத்தில். ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையில் கோதுமைக் கிடங்குகளைத் தாண்டினால் வரும் சின்ன ஊர். வெளியேறுவதாக அறிவித்த உறுப்பினர் நிர்வாகக் குழுவில் இருக்க முடியாது என்பது கான்ஃபரன்ஸின் சட்டவிதி. யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் அறிவித்த உடனே அவர்களைக் குழுவிலிருந்து எடுத்தது இதே மற்றவர்கள்தான். அன்று அவர்களுக்குப் பொருந்திய விதி இன்று உங்களுக்கும் பொருந்தும் என்பதே வாதம். 2023 நவம்பரில் நீதிபதி கேரி லிபே ஒப்புக்கொண்டார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. பேக்-12-ன் பெயர், கையிருப்பு, வரவேண்டிய கூடைப்பந்துப் பணம் எல்லாம் இரண்டு பேர் கைக்கு வந்தது. பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அடுத்த இரண்டு வருஷமும் கஷ்ட ஜீவனம். கான்ஃபரன்ஸாக நீடிக்க எட்டு உறுப்பினர் வேண்டும்; அதற்கு என்சிஏஏ விதி இரண்டு வருஷ அவகாசம் தந்தது. 2024-ல் மவுண்டன் வெஸ்டுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்து ஆளுக்கு ஆறு ஆட்டம் வாங்கினார்கள். 2025-ல் ஒரே பருவத்தில் தங்களுக்குள் இரண்டு முறை, கொர்வாலிஸில் ஒன்றும் புல்மனில் ஒன்றுமாக, ஆடிக்கொண்டார்கள். கூடைப்பந்து வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் வாடகைக்கு இருந்தது. ஓரிகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணிக்கு எந்த வீடும் அமையவில்லை. நாடு முழுக்கப் பெட்டியோடு அலைந்து ஆடி, 2025-ல் ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போனார்கள். அந்த அணியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

இழப்பையும் மறைக்கக் கூடாது. ஓரிகன் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக ஆடி அங்கேயே பயிற்சியாளரான ஜொனாதன் ஸ்மித், 2023 பருவம் முடிந்த கையோடு மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். வாஷிங்டன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் கேம் வார்டு மயாமிக்கு மாறி, 2025-ல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகள அணியில் எறிதல், தாவுதல் பிரிவுகளை மூடி, நீண்டதூர ஓட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. கால்பந்துப் பணம் குறைந்தால் முதலில் கை வைப்பது யார் தலையில் என்று பாருங்கள்.

2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நால்வரும் 2026 முதல் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். பிறகு யூட்டா ஸ்டேட், கூடைப்பந்துக்குப் பேர்பெற்ற கொன்சாகா, 2025 ஜூன் கடைசியில் டெக்சஸ் ஸ்டேட். மெம்ஃபிஸும் டுலேனும் வரவில்லை. டிவிக்கு சிபிஎஸ் முதன்மைக் கூட்டாளி.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்வி. கால்பந்து ஆடும் எட்டில் ஐவர் மவுண்டன் வெஸ்டிலிருந்து வந்தவர்கள் என்றால், முதலிலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாமே? ஆடும் ஆட்கள் கிட்டத்தட்ட அவர்களேதான். வித்தியாசம், யாரைச் சேர்ப்பது, யாரோடு ஒப்பந்தம் என்பதை இவர்களே எழுதினார்கள். பழைய சொத்தும் கையில் இருந்தது. அதற்கு விலையும் பெரியது. ஆளை இழுத்ததற்கு 5.5 கோடி டாலர் அபராதம் என்று மவுண்டன் வெஸ்ட் கேட்க, அதுவும் வழக்கானது. தங்களுக்கு நடந்ததையே வயோமிங், நெவாடா, நியூ மெக்சிகோ போன்றவர்களுக்கு இவர்கள் செய்தார்கள் என்பதும் உண்மை. நான் இவர்கள் பக்கம் நிற்பவன்தான், ஆனால் வயோமிங் பல்கலைக்கழகம் உள்ள லாரமியில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் ஆத்திரம் வந்திருக்கும்.

மீதி இரண்டு வழி

தனியாக நிற்பது ஒன்று. கனெக்டிகட் 2020-ல் கால்பந்தை மட்டும் தனியே விட்டு, மற்ற ஆட்டங்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் உள்ள பிக் ஈஸ்டுக்குக் கொண்டுபோனது. ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம். கால்பந்து அணிகூட 2024-ல் 9-4. கூடைப்பந்தே உயிராக உள்ள இடத்துக்கு இது பொருந்தும். நோட்டர் டேமை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 1991 முதல் என்பிசியோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கும் இடம், அவர்கள் கதை வேறு.

கீழிறங்குவது இன்னொன்று. அந்த உதாரணம் புல்மனிலிருந்து 13 கிலோமீட்டரில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டினால் மாஸ்கோ ஊர், அங்கே ஐடஹோ பல்கலைக்கழகம். சன் பெல்ட் கான்ஃபரன்ஸ் கைவிட்ட பிறகு 2018-ல் ஒரு படி இறங்கி, பழைய பிக் ஸ்கைக்கே கால்பந்தைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். மேல்தட்டிலிருந்து தானாக இறங்குவது அவமானம் என்று அன்று பேசியவர்கள் நிறைய. மொன்டானாவோடு பழைய பகை திரும்பியது. மரக்கூரை போட்ட கிபி டோம் மறுபடி நிறைந்தது. 2022, 2023, 2024 மூன்று வருஷமும் பிளேஆஃப் ஆடினார்கள். எல்லாப் பள்ளிக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மேல்தட்டின் கடைசி வரிசையில் கடன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறை மாஸ்கோ போய் வருவது நல்லது.

2031-க்கு என் கணக்கு

2025 ஜூலையிலிருந்து பள்ளிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; முதல் வருஷமான 2025-26-க்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். 2026 முதல் பிளேஆஃப் பணத்தில் பிக் டென்னுக்கும் தென் மாநிலங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்கும் தலா 29 சதவீதம், ஏசிசிக்கு 17, பிக் 12-க்கு 15. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்: நடுத்தரப் பள்ளி எந்தக் கூட்டணிக்குத் தாவினாலும் மேலே உள்ள இருவரோடு பணத்தில் சரிக்குச் சரி நிற்கப் போவதில்லை. அந்த ஓட்டத்தில் ஜெயிக்கவென்று மற்ற இருபது அணிகளை விமானத்தில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முழுப் பங்கோடு, கூடவே பக்கத்து ஊர்க்காரர் இரண்டு பேரோடு அழைப்பு வந்தால், பிக் 12 போன்ற இடத்துக்குப் போகலாம். வராவிட்டால் தங்கிக் கட்டுவது. பாதிப் பங்கு அழைப்பு கொடையாளர் உள்ளவர்களுக்கு மட்டும். கண்டம் தாண்டும் சம்பந்தம் என்றால், கால்பந்து மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் ஒழிய வேண்டாம். எந்த வழியானாலும், வெளியேறுவோர் குழுவில் உட்கார முடியாது என்ற அந்த ஒரு வரியை வக்கீல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. வாஷிங்டன் ஸ்டேட்டும் சியாட்டில் வாஷிங்டனும் மோதும் ஆப்பிள் கோப்பை 1900-ல் தொடங்கியது. கூட்டணி பிரிந்த பிறகு முதல் மோதல், 2024 செப்டம்பர் 14, சியாட்டில் லூமன் அரங்கம். 24-19 என்று புல்மன்காரர்கள் முன்னால். கடைசி நிமிடம், நாலாவது (கடைசி) முயற்சி, கோட்டுக்கு ஒரு கஜம். திண்ணைக்குப் போனவர்கள் பந்தைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டு ஓடினார்கள். கோட்டைத் தொடுமுன் அமுக்கிப் பிடித்தார்கள் கூடத்தில் தங்கியவர்கள். அந்த ஆட்டம் நடந்தது எந்தக் கான்ஃபரன்ஸ் அட்டவணையாலும் இல்லை. இரண்டு பள்ளிகளும் தனியாகக் கையெழுத்திட்ட ஐந்து வருஷ ஒப்பந்தத்தால். அது 2028 வரைதான். 2031 பேரம் சூடுபிடிக்குமுன் இரண்டு தரப்பும் உட்கார்ந்து அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டட்டும்.